ஆறாம் இடத்து வண்டல்

ஜனவரி 18, வியாழன்

காலை ஆறே முக்காலுக்குப் பேருந்து நிலையத்தில் மேடத்தை ஏற்றினேன். பெயர் ஹெப்சிபா. கோவையில் ஒரு கல்லூரியில் மண்ணையும் பாறையையும் பற்றிப் பாடம் நடத்துகிறவர். ஊர் நாசரேத் பக்கமாம். முப்பத்தெட்டு, நாற்பது வயது இருக்கும். இரண்டு பிளாஸ்டிக் பெட்டி, ஒரு குடை, ரப்பர் செருப்பு, அவ்வளவுதான் சாமான். நான் ஏதோ பெரிய கருவிகள் வரும் என்று ஜீப்பின் பின் சீட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போயிருந்தேன்.

நேராகக் கரட்டூர் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். தலைமையாசிரியை ரமணி டீச்சர்தான் எழுதிக் கேட்டு இவரை வரவழைத்திருக்கிறார். போன அக்டோபரில் பள்ளியில் மருத்துவ முகாம் நடந்தபோது வெளிறிப்போய் இருந்த பதினோரு பிள்ளைகளின் ரத்தத்தை வெளியூருக்கு அனுப்பினார்கள். ஒன்பது பேருக்கு ரத்தத்தில் ஈயம் இருக்கிறது என்று வந்தது. என் தங்கச்சி பூங்கொடியின் மகள் மித்ராவும் அந்த ஒன்பதில் ஒருத்தி. ஆறு வயது. போர்வெல் தண்ணீர், நொச்சி ஓடைத் தண்ணீர் இரண்டையும் இரண்டு தடவை சோதித்துவிட்டார்கள். ஒன்றுமில்லை, சுத்தம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

மேடத்தின் உதவியாளருக்கு அம்மை போட்டிருக்கிறதாம். "நீங்க கொஞ்சம் கூடமாட ஒத்தாச பண்ணுவீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டார். எங்கள் பக்கம் அண்ணாச்சி என்றால் மளிகைக்கடைக்காரர். சிரிப்பு வந்தது. சரிங்க என்றேன்.

ஜனவரி 19, வெள்ளி

ஓட்டக் குறிப்பு எழுதுவதற்கு வைத்திருக்கும் நோட்டு இது. வண்டி வாங்கிய நாளிலிருந்து எழுதுகிறேன். போன இடம், ஓடிய கிலோமீட்டர், ஆயில் மாற்றிய தேதி. இன்றைக்கு அதற்கு மேலும் எழுதத் தோன்றுகிறது.

வேலை நொச்சி ஓடைத் தடுப்பணையில் ஆரம்பித்தது. அதுதான் முதல் இடம். கீழேயிருந்து மேலே போக வேண்டுமாம். மேலே முதலில் இறங்கினால் நாம் கலக்குகிற சேறு கீழே வந்து அடுத்த இடத்தைக் கெடுத்துவிடும். என் மோதிரத்தைக் கழற்றச் சொன்னார். இரும்புக் கரண்டி கிடையாது, பிளாஸ்டிக் கரண்டிதான். ஓர் இடம் என்றால் ஒரு குத்து மண் இல்லை. ஐம்பது அடி நீளத்துக்கு அங்கங்கே ஐந்து இடத்தில் அள்ளி, ஒன்றாகக் கலந்து, நைலான் சல்லடையில் ஓடைத் தண்ணீரையே ஊற்றிச் சலித்து, கீழே இறங்கும் மாவு மாதிரியான வண்டலை மட்டும் துணிப் பையில் பிடிக்க வேண்டும். பிறகு சல்லடையை மூன்று தடவை கழுவ வேண்டும். நான் இரண்டு தடவை கழுவிவிட்டு நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மூன்றாவது தடவை கழுவினேன்.

தண்ணீர்தான் சுத்தம் என்று வந்துவிட்டதே, மண்ணை எதற்குச் சலிக்கிறோம் என்று கேட்டேன். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டே சொன்னார்.

"தண்ணி இன்னைக்கு வந்தது இன்னைக்கே போயிரும் அண்ணாச்சி. ஒரு மழைக்கு அதுல ஈயம் கரைஞ்சு வந்திருக்கும். அந்த நேரத்துல யாரும் பாட்டில் பிடிச்சிருக்க மாட்டாங்க. ஆனா இந்தப் பொடி மண்ணு இருக்கு பாருங்க, இது ஈயத்தப் பிடிச்சு வச்சுக்கிடும். பிள்ளைங்க விளையாடுறது தண்ணியிலயா, சேத்துலயா?"

சேற்றில்தான். நானும் அதே தடுப்பணையில் விளையாடியவன்.

நான்கு இடம் முடிந்தது. மதியம் தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன்னால் நான்கு பையையும் நோட்டோடு ஒத்துப் பார்த்தார். சாப்பிட்ட பிறகு இன்னொரு தடவை ஒத்துப் பார்த்தார்.

ஜனவரி 20, சனி

ஐந்தாவது இடம் லூர்துசாமியின் லேத் பட்டறைக்குக் கீழே. டிராக்டர், மோட்டார் ரிப்பேர் பார்க்கிற பட்டறை அது, ஓடைக்கரையில் இருக்கிறது. லூர்துசாமி மோர் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக் குடித்துவிட்டு, பட்டறைத் தண்ணீர் எங்கே போகிறது என்று மேடம் கேட்டார். அவர் காட்டிய குழியை எட்டிப் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டார். மோர் கொடுத்தவர் என்று ஒரு எழுத்து குறைத்து எழுதவில்லை.

அங்கிருந்து கால் மைல் மேலே போனால் ஊமைப்பள்ளம் என்கிற கிளையோடை வந்து ஓடையில் சேரும். சேரும் வாய்க்குக் கீழே ஆறாவது இடம், வாய்க்கு மேலே பிரதான ஓடையில் ஏழாவது இடம். இரண்டிலும் எடுத்தோம். நான் சல்லடை கழுவப் போனபோது அவர் தனியாக ஏதோ கட்டிக்கொண்டிருந்தார்.

பள்ளத்துக்குள்ளும் போய்ப் பார்க்கலாமே என்றார். பாதை இல்லை, எல்லாம் வேலிகாத்தான் முள், பழைய கிணற்றுக்குழிகள் என்று சொன்னேன். சரி, முடிவு வரட்டும், தேவைப்பட்டால் வெட்டிக்கொண்டு போகலாம் என்றார்.

பூங்கொடியின் புருஷன், மாப்பிள்ளை தேவராஜ் நான்கு தடவை போன் பண்ணியிருந்தார். வண்டி ஓட்டும்போது எடுப்பதில்லை.

ஜனவரி 21, ஞாயிறு

மாப்பிள்ளை, பூங்கொடி, மித்ரா வந்திருந்தார்கள். கோழி அடித்தோம். மித்ரா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு வயிறு வலிக்கிறது என்று படுத்துக்கொண்டாள். மாப்பிள்ளை என்னிடம் தோட்டத்துப் பக்கம் நின்று கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார். வண்டி கழுவினேன்.

ஜனவரி 22, திங்கள்

மேடத்தைக் கோவையில் விட்டு வந்தேன். போகும் வழியில் அவர் பள்ளிக்கூடத்தில் டீச்சரோடு பேச ஒரு மணி நேரம் இறங்கினார். பெட்டிகள் வண்டியிலேயே இருந்தன. அந்த நேரத்தில் நான் டயருக்குக் காற்றுப் பிடிக்கப் போனேன். மேட்டுக்காட்டுக் குட்டையில் கை கழுவினேன். நகத்துக்குள் போன மண் சீக்கிரம் போவதில்லை.

கோவையில் இறங்கும்போது, "நீங்க இல்லன்னா ரெண்டு நாள்ல முடிஞ்சிருக்காது அண்ணாச்சி" என்று சொன்னார். போக வர 214 கிலோமீட்டர்.

ஜனவரி 29, திங்கள்

மித்ராவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அதே வயிற்று வலி. ஊசி போட்டார்கள். திரும்பி வரும்போது என் மடியில் தூங்கிவிட்டாள் என்று பூங்கொடி அவளைத் தூக்கப் பார்த்தாள். இருக்கட்டும் என்றேன். நாற்பது நிமிடம் திண்டாடித் திண்டாடித்தான் கியர் போட்டேன்.

பிப்ரவரி 1, வியாழன்

முடிவு வந்துவிட்டது. மேடம் பார்ப்பதற்கு முன்பாகவே கல்லூரி அலுவலகம் பஞ்சாயத்துக்கும் பள்ளிக்கும் பட்டியலை அனுப்பிவிட்டதாம். ஒரு கிலோ மண்ணில் எத்தனை மில்லிகிராம் ஈயம் என்று எழுதியிருக்கிறது. தடுப்பணையில் 95. மேலே போகப் போக 140, 180, 260. ஐந்தாவது இடத்தில் 390. ஆறாவது இடத்தில் 21. ஏழாவதில் 19.

பஞ்சாயத்துத் தலைவர் டீக்கடையில் வைத்துப் படித்தார். புரிந்துகொள்ளப் படிப்பு எதுவும் தேவையில்லை, கணக்கு அவ்வளவு சுலபம். ஆறில் இல்லை, ஐந்தில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது லூர்துசாமியின் பட்டறை.

மதியத்துக்குள் நாற்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். அந்த ஒன்பது பிள்ளைகளின் அப்பன்மார்களும் அதில் இருந்தார்கள். மாப்பிள்ளை தேவராஜும் இருந்தார். பட்டறைக்கு வேறு பூட்டுப் போட்டார்கள். லூர்துசாமியின் மனைவி கும்பிட்டுக் கெஞ்சினார். "என் பிள்ளைங்களும் அந்தப் பள்ளிக்கூடத்துலதான படிக்குது" என்று அவர் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

நான் ரோட்டோரம் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி 2, வெள்ளி

மேடம் முதல் பேருந்துக்கே வந்துவிட்டார். ராத்திரி டீச்சர் போனில் சொல்லியிருக்கிறார். பேருந்திலிருந்து இறங்கியதும், "பட்டறைக்கு விடுங்க" என்றார். முகம் கழுவக்கூட நிற்கவில்லை.

அங்கே கூட்டம் இருந்தது. நேராக அதற்குள் போய், பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றுகொண்டார். குரலை உயர்த்தவில்லை. அவர் பேச ஆரம்பித்ததும் கூட்டம்தான் அடங்கியது.

"ஒரு சில எடத்துல நான் ஒரே மண்ண ரெண்டு பையில எடுப்பேன். ரெண்டாவது பைக்கு வேற நம்பர் போட்டுத் தனியா அனுப்புவேன். சோதிக்கிறவங்களுக்கும் அது தெரியாது. ஆறாவது எடத்துலயும் அப்படி எடுத்தேன். ஒரு பையில இருபத்தொண்ணு வந்திருக்கு. இன்னொரு பையில அறுநூத்தி நாப்பது வந்திருக்கு. ஒரே எடம், ஒரே நேரம், ஒரே சல்லடை. ரெண்டும் உண்மையா இருக்க முடியாது."

அதற்கு என்ன அர்த்தம் என்று தலைவர் கேட்டார்.

"தப்பு என் பெட்டிக்குள்ள நடந்திருக்குன்னு அர்த்தம். இந்தத் தாள வச்சு யாரையும் ஒரு வார்த்த சொல்லக் கூடாது. எழுதித் தரச் சொன்னா தாறேன், இது என்னோட தப்பு."

ஒருவர் சிரித்தார். இன்னொருவர், படித்த பொம்பளை மண்ணைக்கூடச் சரியாக அள்ளத் தெரியாமலா வந்தது என்று கேட்டார். மேடம் கைப்பையிலிருந்து காகிதம் எடுத்து, அங்கேயே வண்டியின் பானெட்மேல் வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தலைவரிடம் கொடுத்தார். ஏழு இடத்திலும் திரும்ப எடுக்கிறேன், அதுவரைக்கும் பொறுங்கள் என்றார். பூட்டை மட்டும் அவர்கள் எடுக்கவில்லை.

ரமணி டீச்சர் வீட்டில்தான் தங்கல். போகிற வழியெல்லாம் மேடம் நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்தார். எந்தப் பையை எப்போது கட்டினேன், எங்கே வைத்தேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இருபத்தைந்தாம் தேதி ஆய்வகத்தில் கரண்ட் போனது, அப்போது கை மாறியிருக்குமோ என்றார். என்னிடம் மட்டும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

டீச்சர் இட்லி வைத்தார். மேடம் தொடவில்லை. வாசலில் நின்றுகொண்டிருந்த எனக்கும் ஒரு தட்டு வந்தது. நான் சாப்பிட்டேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 3, சனி

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

விடிந்ததும் கிளம்பினோம். தடுப்பணையில் தொடங்கி வரிசையாக ஐந்து இடமும் முடிந்தது. ஆறாவது இடத்தில் வண்டியை நிறுத்தினேன். மேடம் பெட்டியை எடுக்கப் போனார். நான் இறங்கவில்லை.

"மேடம், அந்தப் பைய மாத்துனது நானுங்க" என்றேன்.

அவர் கதவைப் பிடித்தபடியே நின்றார். ஊமைப்பள்ளத்தில் தண்ணீர் சன்னமாக ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"செம்மண்ணா?"

"ஆமாங்க. மேட்டுக்காட்டுக் குட்டையில அள்ளுனேன்."

"இரும்பு மத்த எல்லாத்தையும் விட ரெண்டு மடங்கு இருந்துது. இந்த ஓடை மண்ணே இல்லையேன்னு பஸ்ல வரும்போதே தோணிச்சு."

அப்படியானால் நேற்று கூட்டத்துக்கு முன்னால் நின்றபோதே இவருக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது. என்னைப் பற்றித்தான் இருந்திருக்க வேண்டும். பெட்டி வேறு யார் கையிலும் இருக்கவில்லை. உறுதியாகத் தெரியாத ஒன்றை அவர் யார்மேலும் சொல்லவில்லை. பூட்டிய பட்டறைக்காரன்மேலும் சொல்லவில்லை, என்மேலும் சொல்லவில்லை. உறுதியாகத் தெரிந்தது தன் பெட்டியில் தப்பு நடந்தது என்பது மட்டும்தான். அதைச் சொல்லி, ஏச்சையும் வாங்கிக்கொண்டார்.

நான் மிச்சத்தையும் சொன்னேன். பள்ளத்துக்குள் முக்கால் மைல் போனால் மாப்பிள்ளை தேவராஜின் கொட்டகை. பழைய பேட்டரிகளை உடைத்து ஈயத்தை உருக்கிக் கட்டியாக வார்த்து விற்கிறார். லைசென்ஸ் கிடையாது. ஐந்து வருஷமாக நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் நின்று பேசியது அதைத்தான். ஒரு பையை மட்டும் மாற்றிவிடு மச்சான், பூங்கொடி நடுத்தெருவுக்கு வந்துவிடுவாள் என்றார்.

"ஒன்பது பிள்ளைங்க" என்றார் மேடம். கோபம் வந்தால் திட்டுவார்கள், அதற்கு நான் தயாராக இருந்தேன். அவர் போய் ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டு இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தார். பிறகு எழுந்து வந்தார்.

"பாதை இருக்கா?"

"இருக்குதுங்க."

"வண்டி போகுமா?"

"போகுமுங்க. ரெண்டு வருசம் நான்தானுங்க பேட்டரி லோடு ஏத்திட்டுப் போனேன்."

இதை இந்த நோட்டில் அந்த நாட்களில் 'உள்ளூர் ஓட்டம்' என்று மட்டும் எழுதியிருக்கிறேன். அங்கே வேலை செய்தவர்களுக்கு வயிறு சுருட்டிப் பிடிக்கும், பல் ஈறு கறுக்கும் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் லோடு ஓட்டுவதை விட்டேன். விட்டதோடு என் பங்கு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். மித்ராவின் அப்பன் உடுத்திப் போகிற சட்டையிலேயே ஈயத் தூசியோடு வீடு வந்து சேர்கிறான் என்பதை நான் யோசிக்கவில்லை என்று எழுதலாம். யோசித்தேன். அதை ஒதுக்கி வைத்தேன்.

முதலில் ஆறாவது, ஏழாவது இடங்களின் வண்டலை எடுத்தார். பள்ளத்தின் வாயில் எட்டாவது. பிறகு மேலே ஏறி ஒன்பது, பத்து. என்னைச் சல்லடை பிடிக்கச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் தானே செய்தார். நான் கரையிலேயே நின்றேன்.

கொட்டகையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. உடைத்த பேட்டரி ஓடுகள் மலையாகக் குவிந்திருந்தன. ஈயக் கசடு கறுப்பாகப் பள்ளத்துச் சரிவில் வழிந்து கிடந்தது. வேலையாட்கள் இரண்டு பேர் எங்களைப் பார்த்ததும் காட்டுக்குள் இறங்கிவிட்டார்கள். மாப்பிள்ளை வந்து தண்ணீருக்குள் குறுக்கே நின்றுகொண்டார். யாரைக் கேட்டு உள்ளே வந்தாய் என்று என்னைப் பார்த்துக் கத்தினார். மேடம் கரண்டியோடு குனிந்திருந்தார். நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"கொஞ்சம் அந்தப் பக்கம் நில்லுங்க. மண்ணு கலங்குது."

மாப்பிள்ளைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அடிக்க வந்தால் எப்படித் தடுப்பது என்று நான் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆனால் அவர் நகர்ந்துவிட்டார். மேடம் ஐந்து இடத்திலும் அள்ளினார், சலித்தார், சல்லடையை மூன்று தடவை கழுவினார். பதினோராவது இடம் கொட்டகைக்கு மேலே. இவர்களுடைய கழிவு எட்டாத மண் எப்படி இருக்கிறது என்று அதுவும் தெரிய வேண்டுமாம். முள்ளைப் பிடித்துக்கொண்டு ஏறிப் போனார். கையெல்லாம் கீறல்.

கோவைக்குப் போகும்போது பெட்டி இரண்டையும் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார். நூறு கிலோமீட்டர். இறங்கிய பிறகு ஜன்னல் பக்கம் வந்தார்.

"லூர்துசாமிகிட்ட நான் சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. நீங்க சொல்லணும்."

பிப்ரவரி 4, ஞாயிறு

லூர்துசாமி பூசைக்குப் போய்விட்டு வந்திருந்தார். வீட்டுக்குள் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே சொல்லி முடித்தேன்.

அவர் கேட்டது இதுதான்: "அன்னைக்கு வண்டியிலயே உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தீங்களே, எறங்கி வரணும்னு ஒருக்காகூடத் தோணலீங்களா?"

தோணுச்சுங்க என்றேன். தோன்றாமல் இருந்திருந்தால்கூட மன்னித்திருப்பேன் என்றார். பிறகு என்னோடு பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுக்கு நடந்து வந்தார். அங்கே தலைவருக்கு முன்னால் மறுபடியும் முழுவதையும் சொன்னேன். பதினொன்றரைக்குப் பூட்டைத் திறந்தார்கள். போட்டவர்களில் மூன்று பேர்தான் திறக்க வந்தார்கள்.

பிப்ரவரி 14, புதன்

முடிவுகள்: ஆறாவது இடம் 655. ஏழாவது இடம் 20. பள்ளத்தின் வாய் 2,300. கொட்டகைக்குக் கீழே 11,400. கொட்டகைக்கு மேலே, முள்ளைப் பிடித்து ஏறி எடுத்த இடம், 17.

இந்த முறை பட்டியலை மேடமே கொண்டுவந்தார். பள்ளிக்கூடத்தில் எல்லாரையும் உட்காரவைத்து, கரும்பலகையில் ஓடையை வரைந்து, எண்களை ஒவ்வொன்றாக எழுதினார். யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாவட்டத்திலிருந்து அதிகாரிகள் வந்து கொட்டகைக்குச் சீல் வைத்தார்கள். மாப்பிள்ளையைப் போலீஸ் அழைத்துப் போனது. என்னிடமும் எழுதி வாங்கினார்கள், பேட்டரி லோடு ஓட்டியதையும் சேர்த்து.

மேடத்தின் அறிக்கையில் ஆறாவது இடத்து முதல் மாதிரியை ஓட்டுநர் மாற்றிவிட்டார், பிறகு அவரே ஒப்புக்கொண்டார் என்று ஒரு வரி இருக்கிறது. அச்சுக்குப் போகும் முன் எனக்கு வாசித்துக் காட்டினார். பெயரும் போடுங்கள் என்றேன். அது வேண்டியதில்லை, ஆனால் நடந்ததை எடுக்கவும் முடியாது என்றார்.

பூங்கொடி வாசல் கதவைத் திறக்கவில்லை. உள்ளே மித்ரா "மாமா" என்று கூப்பிட்டது கேட்டது.

மார்ச் 8, வெள்ளி

லாரிகள் வந்து கசட்டை அள்ளிக்கொண்டு போகின்றன. தார்ப்பாய் மூடி, பாதுகாப்பாகப் புதைக்கிற இடத்துக்குப் போகிறதாம். மித்ராவுக்கு இரும்புச்சத்து மருந்தும் பாலும் கேழ்வரகும் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், வீட்டை ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். இதெல்லாம் ரமணி டீச்சர் சொல்லித் தெரியும். மாப்பிள்ளை ஜாமீனில் வந்து திருப்பூரில் வேலைக்குப் போய்விட்டார்.

ஆயில் மாற்றினேன்.

ஜூலை 10, புதன்

ஐந்து மாதம் கழித்துப் பூங்கொடி போன் பண்ணினாள். மித்ராவைக் கோவைக்கு ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போக வண்டி வேண்டும் என்று மட்டும் சொன்னாள். பின் சீட்டில் உட்கார்ந்து வந்தாள்.

மித்ராவின் ரத்தத்தில் அக்டோபரில் 31 இருந்த ஈயம் இப்போது 22. குறைகிறது, ஆனால் மெதுவாகத்தான் குறையும் என்றார் டாக்டர். திரும்பும்போது பல்லடம் தாண்டியதும் பேசினாள்.

"அந்தப் பைய மாத்துனது எனக்காகவாண்ணா?"

ஆமாம் என்றேன்.

"என்னைக் கேட்டிருக்கலாம்ல."

அவர்களை வீட்டு வாசலில் இறக்கிவிட்டேன்.

டிசம்பர் 18, புதன்

மழை முடிந்து ஓடை தெளிந்துவிட்டது. அதே பதினோரு இடங்களில் மறுபடி வண்டல் எடுக்க மேடம் வந்தார். போன வாரம் அவர் போன் பண்ணியபோது என் காதையே நம்ப முடியவில்லை. வண்டியில் ஏறியதும் கேட்டுவிட்டேன், என்னை எதற்குக் கூப்பிட்டீர்கள் என்று.

"வேற மூணு பேர்கிட்ட கேட்டேன். ஓடையில எறங்க மாட்டோம்னுட்டாங்க" என்றார். அவர் இல்லாததைச் சொல்கிறவர் இல்லை. அதுதான் காரணமாக இருக்கும்.

தடுப்பணைக்குப் போனபோது கரையில் பூங்கொடி நின்றுகொண்டிருந்தாள். அந்தம்மா வருகிறார்கள் என்று மித்ரா பள்ளிக்கூடத்தில் கேட்டுவந்து சொல்லியிருக்கிறாள். அவள் புருஷனைப் போலீஸ் கொண்டுபோனது இவர் எழுதிய எண்ணால்தான். மேடத்துக்கு அவள் யாரென்று சொன்னேன். மேடம் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றார்.

பூங்கொடி தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"இந்த மண்ணுல இன்னும் எத்தன வருசத்துக்கு இருக்குமுங்க அது?"

ஆறுதலாக இரண்டு வார்த்தை சொல்வார் என்று நினைத்தேன். எனக்கு அந்தச் சமயத்தில் அதுதான் வேண்டியிருந்தது.

"தெரியலம்மா. கொட்டகைப் பக்கத்து மண்ண அள்ளியாச்சு. ஓடைக்குள்ள எறங்கினது ஒவ்வொரு வெள்ளத்துக்கும் கொஞ்சங்கொஞ்சமாத்தான் போகும். போற எடத்துல அடுத்த ஊர் இருக்கு. வருசா வருசம் எடுத்துப் பாத்தாத்தான் தெரியும். அதுவரைக்கும் பிள்ளைங்கள இங்க எறங்க விடாதீங்க."

பூங்கொடி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கரையிலிருந்து இறங்கி வந்தாள்.

"எங்க புடிக்கோணும்னு சொல்லுங்க" என்று சல்லடைக்குக் கை நீட்டினாள்.

மேடம் அவளுக்குக் கையுறை எடுத்துக் கொடுத்தார். எப்படிச் சாய்த்துப் பிடிப்பது, எவ்வளவு தண்ணீர் ஊற்றுவது என்று ஒரு தடவை செய்து காட்டினார். நான் பையின் வாயை விரித்துப் பிடித்தேன். பதினோரு இடமும் முடிய நான்கு மணி ஆகிவிட்டது. பள்ளிக்கூடம் விடுகிற நேரம். மித்ராவையும் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். பெட்டிகள் இரண்டும் பின்னால், பூங்கொடியின் காலடியில் இருந்தன.

62 கிலோமீட்டர்.